இல்லாத கையும் ஒரு கண்ணாடியும்



யுத்தம் 2009 இல் முடிந்தது. அதிற் கை கால் இழந்தோர் நம் பரந்தன் பகுதியிற் பலர் உளர். இல்லாத கை நோகிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னால், மனப்பிராந்தி என்று தள்ளுவாரும் உளர்.

அது பிராந்தியன்று என விளக்கிய விஞ்ஞானிகளுள் ஒருவர் வி. எஸ். இராமச்சந்திரன். 1951 இல் தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்ரான்லி வைத்தியக் கல்லூரியிற் பயின்று, கேம்பிறிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கலிபோர்ணியாவிலே பேராசிரியராய் விளங்கியவர்.

கையை அசைக்க மூளை கட்டளையிடுகிறது. கை அசைந்ததைக் கண்ணும் தசையும் மூளைக்குத் திரும்ப அறிவிக்கின்றன. கையிழந்தவரிடத்தே கட்டளை மட்டும் போகும், மறுமொழி வராது. ஆகவே அம்மாயக் கை அசையாதென்று மூளை பழகிவிடுகிறது என்பது அவர் கருத்து. சிலருக்கு அது இறுகப் பொத்திய கையாகவே நிற்கும். நகம் உள்ளங்கையிற் புதைவதுபோல நோகும்.

1990களில் அவர் கண்ட உபாயம் மிக எளிது. ஒரு பெட்டி, நடுவே ஒரு கண்ணாடி. நல்ல கையை அசைத்தால் கண்ணாடியில் இழந்த கையே அசைவதாய்த் தோன்றும். சிலருக்குப் பொத்திய கை விரிந்தது, நோவும் தணிந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, பின்வந்த ஆராய்ச்சிகளும் ஒரே முடிவைத் தரவில்லை. ஆயினும் செலவு கண்ணாடி விலைதானே!

தச்சுவேலை தெரிந்த நம் அங்கத்தவர்கள் ஒரு பெட்டி செய்ய அதிக நாள் வேண்டாம். வைத்தியரின் ஆலோசனையோடு வேண்டியவர்களுக்கு அதனைக் கொடுக்கலாம் என இச்சபைமுன் வைக்கின்றோம்.