தோட்டின் எடை

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. இன்னைக்குக் கவிதை இல்ல. இணையவழிப் படிப்புக்கான விதிகளைப் பத்திப் பேசப் போறேன். நான் பேங்க் கிளார்க். விதிகளைப் படிச்சு வயித்தக் கழுவுறவன்.

2020 ஊரடங்கு நேரம். எங்க நகைக்கடன் கவுண்டருக்கு ஒரு அம்மா வந்தாங்க. காதுல கெடந்த தோட்டைக் கழட்டி வச்சாங்க. "மகளுக்குப் போன்லதான் கிளாஸாம் சார்"னாங்க. அந்தத் தோட்டை எடை போட்டு ரசீது எழுதினது நான்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, தொலைதூர, இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. மருத்துவம், செவிலியம், பொறியியல், சட்டம் போன்றவற்றை இணையவழிப் பட்டமாக நடத்தக்கூடாது என்கிறது அது. நிறுவனத்தின் தரமதிப்பீட்டையும் தரவரிசையையும் கேட்கிறது. பதினைந்து நாளுக்கு இரண்டு மணி நேரமாவது மாணவர் பங்கேற்கிறாரா என்று கண்காணிக்கச் சொல்கிறது. 2021இல் வந்த இன்னொரு விதி, நேரடிக் கல்லூரிகளிலும் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தின் வழியே படிக்க இடம் தருகிறது.

விதியே வேண்டாம்னு நான் சொல்லல. விதியை மீறினா யார் தலையில விடியும்? அனுமதியில்லாமல் தொலைதூரப் பொறியியல் பட்டம் கொடுத்த நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வழக்கில் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது; தேர்வெழுதித்தான் மீட்க வேண்டும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னாங்க. போன வருசங்கள எவன் திருப்பித் தருவான்?

ஆனா, பாடம் எங்கிருந்து கெளம்புதுன்னு கேக்குற விதி, எந்த வீட்டுல போய்ச் சேருதுன்னு கேக்கல. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புறத்தில் 4.4 சதவீத வீடுகளில்தான் கணினி, 14.9 சதவீத வீடுகளில்தான் இணையம். அப்புறம் போன் பெருகிடுச்சு, சரி. ஒரே போனை அப்பன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டா மூணு புள்ளைங்க எதுல படிக்கும்? கண்காணிக்கிற மெசினுக்கு டவர் கிடைக்காததும் ஒண்ணுதான், அக்கறை இல்லாததும் ஒண்ணுதான்.

அம்பேத்கரைப் பள்ளியில் சாக்கு விரித்துத் தனியே உட்கார வைத்தார்கள். இன்று அந்தச் சாக்குகூடத் தேவையில்லை. சிக்னல் இல்லையென்றால் வகுப்பே நம் சேரிக்கு வராது.

1946இல் அம்பேத்கர் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் மாணவர்களுக்காகக் காலையில் வகுப்பு வைத்தார். மாணவர் வாழ்க்கையைப் பார்த்துக் கல்லூரி தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. விதியை அப்படித்தான் எழுதணும்.

நாம கேக்க வேண்டியது நாலு. இணைய வகுப்பு நடத்துற நிறுவனமே கருவியும் டேட்டாவும் கொடுக்கணும். பாடத்தை இறக்கி வச்சு அப்புறமா படிக்க வழி இருக்கணும். டவர் இல்லன்னு வருகையில கை வைக்கக் கூடாது. ஆதிதிராவிடர் விடுதிகள்ல இணையத்தோட படிப்பறை வேணும்.

அந்த அம்மாவோட தோட்டை நம்ம பேங்க் எடை போட்டுது. எந்த விதியும் இன்னும் எடை போடல. போட வைக்கணும் தோழர்களே.