பொம்மைப் படம் பார்த்தால் என்ன தப்பு?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன், வட்டி, தணிக்கை பற்றிப் பேசப் போவதில்லை. போன மாதம் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம்.

சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒரு உறுப்பினர், "எங்க அயித்தை பேரன்கிட்ட ரிமோட்டைப் பிடுங்கிப் பொம்மைப் படம் பாக்குறாக" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அதே குழுவில்தான் அந்த மாமியாரும் இருக்கிறார். அடுத்த வாரம் அவர் சேமிப்பைக் கட்டினார், கைநாட்டு வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போய்ப் பேசினோம். "பதிமூணு வயசுல கல்யாணம். அதுக்கு முந்தி ஆடு மேய்ச்சேன். நான் எங்க விளையாண்டேன், எங்க கதை கேட்டேன்? இப்பத்தான் பாக்குறேன். அதுக்குப் போயி சிரிக்கிறாகளே" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். 1947ல் தொடங்கிய அம்புலிமாமா குழந்தைகள் பத்திரிகைதான். அதில் வந்த வேதாளம் கதையைப் பெரியவர்களும் விரும்பிப் படித்தார்கள். சிவகாசியில் 1972ல் முத்து காமிக்ஸ் வந்தது. அன்றைக்கு அரைக்கால் சட்டையோடு இரும்புக்கை மாயாவி படித்தவர்களில் பலர், தலை நரைத்த பிறகும் காமிக்ஸ் வாங்கிப் படிக்கிறார்கள். ஆண்கள் படித்தால் அது பொழுதுபோக்கு. 2007ல் வந்த சுட்டி டிவியை ஒரு பெண் பார்த்தால் மட்டும் கேலியா?

பெரியவர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது? நாள் முழுக்க களையெடுத்து, விறகு சுமந்து, சமைத்து முடித்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். சீரியலில் மாமியார் மருமகள் சண்டை வருஷக் கணக்கில் முடியாது. நம் வீட்டுக் கவலையோடு அந்தக் கவலையும் சேரும். பொம்மைக் கதை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். சின்ன எலி பெரிய பூனையை ஜெயிக்கும். நாமும் வாய்விட்டுச் சிரிக்கலாம். பேரப்பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்காரும்.

இன்னொரு பலனும் உண்டு. நம்மில் பலர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறோம். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், பக்கத்துக்குப் பக்கம் படம் உள்ள புத்தகம் குழந்தைக்கு மட்டுமல்ல, நமக்கும் ஏற்றது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா நம் பக்கத்து ராயவரத்தில் 1922ல் பிறந்தவர். அவர் பாட்டைப் பிள்ளை சத்தமாகப் படிக்கும்போது நாமும் விரல் வைத்துக் கூடப் படிக்கலாம். இன்றைக்குக் குழந்தைப் பாட்டைப் படிப்பவர் நாளைக்குத் தீர்மான நோட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, இதற்காக யாரையும் கேலி செய்யாதீர்கள். இரண்டு, தினமும் அரை மணி நேரமாவது உங்களுக்கென்று ஒதுக்குங்கள். மூன்று, அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருந்தோ நூலகத்திலிருந்தோ ஒரு குழந்தைப் புத்தகம் கொண்டு வாருங்கள். சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்போம்.

அந்த அக்கா இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார். அன்றைக்குச் சிரித்ததற்கு முதலில் நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.