விதியா? தூக்கமா?

(பொன்மலையில் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மோட்டார் சைக்கிளில் தூரப் பிரயாணம் போவதைப் பற்றிப் பேச வேண்டுமென்று இங்குள்ள இளைஞர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இதற்கும் ஒரு கூட்டமா என்று பெரியவர்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், இரயிலில் இடம் கிடைக்காமலும், பஸ்காரன் கேட்கும் பணம் கட்டாமலும், வேலை முடிந்த அதே இராத்திரியில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருச்சிக்கும் அதற்கு அப்பாலும் புறப்பட்டு விடுகிறார்கள். திருச்சிக்கே சுமார் 330 கிலோ மீட்டர். வந்து சேர்ந்தவன் வீட்டில் பண்டிகை. வந்து சேராதவன் வீட்டில் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுகிறார்கள். “அவன் விதி முடிந்து விட்டது” என்பதே அந்த வார்த்தை. அந்த வார்த்தையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் சங்கதியையே சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நானும் இப்படித்தான் புறப்பட்டேன். காலை 6 மணிக்கு எழுந்தவன் பகல் முழுதும் வேலை பார்த்துவிட்டு, இராத்திரி 10 மணிக்குச் சென்னையில் வண்டியைக் கிளப்பினேன். பின்னால் என் அக்காள் மகன். உளுந்தூர்பேட்டை தாண்டியது நினைவிருக்கிறது. பெரம்பலூர் எப்போது வந்தது, எப்போது போனது என்பது நினைவில்லை. பாடாலூருக்குப் பக்கத்தில் பையன் என் முதுகில் ஓங்கிக் குத்தி, “மாமா!” என்று அலறினான். நான் கண்ணைத் திறந்தேன். கவனியுங்கள்! வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணைத் திறந்தேன் என்கிறேன். வண்டி சாலையை விட்டு ஓரத்துச் சரளையில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் அக்காள், சமயபுரத்தாள்தான் காப்பாற்றினாள் என்று பூசணிக்காய் உடைத்து, வண்டியில் எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டாள். “அக்கா, நம்மைக் காப்பாற்றியது உன் பிள்ளையின் கை. மூன்று மாதத்துக்கு முன் நம் தெருப் பையன் அதே சாலையில் அதே மாதிரி தூங்கிச் செத்தானே, அவனை ஏன் அவள் காப்பாற்றவில்லை?” என்று கேட்டேன். “அது அவன் விதி” என்றாள். பாருங்கள் தோழர்களே! சாலை ஒன்று, தூக்கம் ஒன்று. பிழைத்தால் அருள், செத்தால் விதி. இரண்டு இடத்திலும் தூக்கத்தைப் பற்றி மாத்திரம் பேச்சில்லை!

இது நம்மூர்ப் பைத்தியம் மாத்திரமல்ல. இராஜஸ்தானத்தில் ஜோத்பூருக்கும் பாலிக்கும் இடையே சோட்டிலா என்று ஒரு கிராமம். ஓம் சிங் இராத்தோர் என்ற வாலிபர் புல்லட் மோட்டார் சைக்கிளில் போய் மரத்தில் மோதி இறந்தார். போலீசார் கொண்டுபோன வண்டி தானே திரும்பி வந்துவிட்டதாக ஒரு கதை கட்டி, அந்த வண்டியையே கண்ணாடிக்குள் நிறுத்தி இன்று பூஜை நடக்கிறது. பிரயாணம் சுகமாக முடிய வேண்டுமென்று வழிப்போக்கர்கள் கும்பிடுகிறார்கள். சாராயம் படைக்கிறவர்களும் உண்டு. ஏறிவந்த சொந்தக்காரரையே காப்பாற்ற முடியாத வண்டி, வழியில் போகிறவனைக் காப்பாற்றுமா? வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆகாத சாராயம் வண்டிக்கு எதற்கு?

சரி, தூக்கம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அலுத்த மூளை நம்மைக் கேட்டுக்கொண்டு தூங்குவதில்லை. கண் திறந்திருக்கும்போதே இரண்டு மூன்று விநாடி அணைந்து எரிகிறது. மணிக்கு 80 கிலோ மீட்டர் போகிற வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். நாலு விநாடி தூங்கினால் சுமார் 89 மீட்டர். பொன்மலைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நாலு இரயில் பெட்டி நீளத்துக்கு ஓட்டுகிறவனே இல்லாமல் வண்டி ஓடுகிறது.

1997-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை வெளியாயிற்று. 17 மணி நேரம் விழித்திருந்தவனின் திறமை, இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாராயம் ஏறினவன் திறமைக்கு இறங்கிவிட்டதாக அதில் கண்டார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு உச்ச அளவு 30 மில்லிகிராம். அப்படியானால் பாடாலூரில் 21 மணி நேரம் விழித்திருந்த நான் யார்? ஒரு சொட்டுக் குடிக்காத குடிகாரன்! குடித்தவனைப் போலீஸ்காரர் ஊதச் சொல்லிப் பிடிப்பார். என்னை எதை வைத்துப் பிடிப்பார்?

தோழர்களே! இந்தப் பொன்மலையிலே 1928 முதல் தொழிற்சாலை நடக்கிறது. இரயில்காரர்களுக்கு வேலை நேரமும் ஓய்வும் இவ்வளவு என்று 1930-இல் சட்டத்தில் ஏற்றினார்கள். இன்றைய எஞ்சின்களில், ஓட்டுகிறவர் சுமார் ஒரு நிமிஷம் எதையும் தொடாமலிருந்தால் விளக்கு எரிந்து மணி அடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் விழும்படி ஒரு கருவி இருக்கிறது. லாரி, பஸ் தொழிலாளிக்கு 1961-இல் வந்த சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்கு மேற்படாமல் அரை மணி ஓய்வு என்றும் விதித்தது. எல்லாம் விதிப்படிதான் என்றால் அந்தக் கருவி எதற்கு? அந்தச் சட்டம் எதற்கு? எஞ்சினில் எலுமிச்சம்பழம் கட்டினால் போதாதா? மனிதன் அலுப்பான், அலுத்தால் தூங்குவான் என்று தெரிந்துகொண்டவர்கள் செய்த காரியம் அது. மோட்டார் சைக்கிளில் மணியும் இல்லை, தானே விழும் பிரேக்கும் இல்லை. ஆகவே அந்தக் கருவியாக நம் புத்திதான் இருக்க வேண்டும்.

அதற்கு நான் சொல்லுவது இவ்வளவுதான்.

வேலை முடிந்த இராத்திரியே புறப்படாதீர்கள். ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள். அரை நாள் பண்டிகை குறைந்தால் குறையட்டும். இராத்திரி 2 மணி முதல் விடியும் வரையிலும், பகல் சாப்பாட்டுக்குப் பின் 2 மணி முதல் 4 மணி வரையிலும் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். அந்த நேரத்தில் சாலையில் இல்லாமலிருப்பதே உத்தமம்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும், இறங்குங்கள். பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம், செங்கற்பட்டு என்று இடத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கை மரத்துப் போவதும், முதுகு பிடிப்பதும், காற்றிரைச்சல் காதை அடைப்பதும் அலுப்பை வளர்க்கும். வெயிலில் வேர்வை காற்றிலேயே உலர்ந்துபோவதால் தாகம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் குடியுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். சளிக்கும் தும்மலுக்கும் சாப்பிடும் மாத்திரைகளில் சில தூக்கம் தரும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொட்டாவி மேல் கொட்டாவி வந்தாலும், கடைசியாகத் தாண்டிய ஊர் நினைவுக்கு வராவிட்டாலும், வண்டி கோட்டை விட்டு விலகினாலும், அது எச்சரிக்கை மணி. முகம் கழுவுவதும், பாட்டுப் பாடுவதும், புகையிலை போடுவதும் தூக்கத்தைத் தீர்க்காது; சற்று மறைக்கும், அவ்வளவே. தூக்கத்துக்கு மருந்து தூக்கந்தான். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கிலோ சுங்கச்சாவடியிலோ வண்டியை நிறுத்தி, ஒரு காப்பி குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் படுங்கள். காப்பி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். எழுந்து பத்து நிமிஷம் நடந்த பிறகே ஏறுங்கள். சாலை ஓரத்தில் மாத்திரம் படுக்காதீர்கள்.

தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைக்காமல் தலையில் போட்டு வாரை இறுக்குங்கள். பின்னால் இருக்கிறவனும் போட வேண்டும். பின்னால் இருக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: “நிறுத்து” என்று நீங்கள் சொன்னால் ஓட்டுகிறவர் நிறுத்தியாக வேண்டும். ஆண்பிள்ளை சொன்னதே சட்டம் என்பது சாலையிலும் ஆகாது.

சாப்பாட்டையும் சாமானையும் வீடு வீடாக மோட்டார் சைக்கிளில் கொண்டு கொடுக்கும் தோழர்களையும் நினைக்கிறேன். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால்தான் அவர்களுக்கு வயிறு நிறைகிறது. தூங்கு என்று அவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு வெட்கமாயிருக்கிறது. இரயில்காரருக்கு ஓய்வு சாமி கொடுத்ததல்ல, சட்டம் கொடுத்தது. இவர்களுக்கும் அப்படித்தான் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. “எனக்கு விதியிலும் நம்பிக்கையில்லை, எலுமிச்சம்பழத்திலும் நம்பிக்கையில்லை” என்று சொல்லிக்கொண்டே இராமுழுதும் ஓட்டுகிற பகுத்தறிவுக்காரரும் நம்மில் உண்டு. அன்றைக்கு நானும் அப்படிப்பட்டவன்தான். நாஸ்திகன் என்பதற்காகத் தூக்கம் யாரையும் விட்டுவிடாது. பழத்தை அவிழ்த்தெறிந்தால் மாத்திரம் போதாது. அந்த இடத்தில் புத்தியைக் கட்ட வேண்டும்.

என் அக்காள் மகன் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அன்று அவனும் தூங்கியிருந்தால் இன்று நாங்கள் இருவருமே இல்லை. எங்கள் தெருவில் எல்லோரும் “விதி” என்று சொல்லி அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். ஆகவே தோழர்களே, வருகிற பொங்கலுக்கு உங்கள் பிள்ளைகள் டெலிபோனில் “இராத்திரியே புறப்படுகிறேன்” என்று சொன்னால், “தூங்கிவிட்டுக் காலையில் வா, சோறு காத்திருக்கும்” என்று சொல்லுங்கள்.