குதிரைகள் இல்லாத பந்தயச் சாலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் வாழும் நாமெல்லாம் நன்கறிந்த சாலை ஒன்றிலிருந்து என் உரையைத் தொடங்குகிறேன். சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ் கோர்ஸ் ரோடு, வாழையிலைச் சோற்றுக்கும் மீன்தலைக் கறிக்கும் பெயர் பெற்றது. அங்கே உணவு உண்டு, கோயில் உண்டு, 2003-இல் திறக்கப்பட்ட ஃபேரர் பார்க் இரயில் நிலையமும் அருகில் உண்டு. இல்லாதது குதிரை ஒன்றுதான். குதிரைகள் போய்த் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தபின்னும் அவற்றின் பெயரைச் சாலை விடாமல் வைத்திருக்கிறது. மண் மறந்ததை மொழி நினைவில் வைத்திருக்கிறது.

1842-இல் இத்தீவில் விளையாட்டுக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் ஃபேரர் பார்க் நிலத்தில் முதற்பந்தயம் நடந்தது. ‘கர்னல்’ என்னும் குதிரைமீது டபிள்யூ. எச். ரீட் என்பவர் ஏறி வென்றார். 150 வெள்ளி பரிசு. அந்த நிலத்தில் குதிரை மட்டும் ஓடவில்லை. 1911 மார்ச்சில் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்னும் பெல்ஜியர், சிங்கப்பூரில் முதன்முதலாக விமானத்தைப் பறக்கவிட்டது அத்திடலிலிருந்துதான். ஓட்டத்திற்கென்று அமைந்த நிலம் பறத்தலையும் கண்டது.

1924-இல் கழகத்தின் பெயர் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் என மாறியது. 1933-இல் பந்தயம், ரப்பர்த் தோட்டமாக இருந்த புக்கிட் தீமா நிலத்துக்கு இடம் பெயர்ந்தது. ஃபேரர் பார்க் வெறுந்திடலாயிற்று. ஆயினும் வரலாறு அத்திடலை விட்டு அகலவில்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 40,000 வீரர்கள் அத்திடலில் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் அவர்களிடையே பேசினார். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து அன்று அங்கே விழுந்தது. குதிரைகள் ஓடிய வட்டத்திற்குள் மனிதர்கள் தம் விதியின் திருப்பத்தை எதிர்நோக்கி நின்றனர்.

பந்தயக் குதிரை என்பது சாதாரணக் குதிரையன்று. ‘தரோபிரெட்’ எனப்படும் இனத்தின் ஒவ்வொரு குதிரையும், தந்தை வழியில், இங்கிலாந்துக்குக் கீழைநாடுகளிலிருந்து சென்ற மூன்று ஆண்குதிரைகளில் ஒன்றின் வழித்தோன்றல். 1791-இல் அதற்கென வமிசாவளி நூலே அச்சாயிற்று. 1764-இல் பிறந்த ‘எக்லிப்ஸ்’ 18 பந்தயங்களில் ஓடி ஒன்றிலும் தோற்கவில்லை. அதன் எலும்புக்கூடு இங்கிலாந்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றின் உடைமையாக இன்றும் காக்கப்படுகிறது. நம் மண்ணின் பெருமையாக வளர்ந்த ‘ராக்கெட் மேன்’ 27 ஓட்டங்களில் 20-இல் வென்றது. 2011-இல் துபாய் சென்று கோல்டன் ஷாஹீன் பந்தயத்தையும் வென்று வந்தது. குதிரைக்கு ஏழு தலைமுறைப் பெயர் கேட்டாலும் கிடைக்கும். அதைக் குளிப்பாட்டியவன் பெயரைக் கேட்டால் ஏட்டில் விடையில்லை.

சொல் ஆராய்ச்சி என் தொழில். ஆகவே ஒரு சொல்லை உங்கள்முன் வைக்கிறேன். குதிரை காப்பவனைக் குறிக்கும் ‘சைஸ்’ என்பது அரபுச் சொல். இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்தில் ஏறியது, மலாயிலும் நிலைத்தது. மோட்டார் வண்டி வந்தபின் மலாயாவில் கார் ஓட்டுநரையும் ‘சைஸ்’ என்றே அழைத்தனர். குதிரை போனது, அதைக் காத்தவனின் பெயர் வண்டியேறியது. அப்பணியைச் செய்தவர்களில் பாவேயான் தீவினர் உண்டு, மலாய்க்காரர் உண்டு, நம் இந்தியரும் உண்டு. விடியுமுன் எழுந்து, கொட்டில் பெருக்கி, கொள் வைத்து, குளம்பு துடைத்தவர்கள் இவர்கள். கோப்பையோடு எடுத்த படத்தில் கடிவாளம் பிடித்த கை மட்டுமே இவர்களுடையதாகத் தெரியும்.

தமிழ் இலக்கியத்துக்குக் குதிரை புதிதன்று. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. புறத்துறைகளில் ‘குதிரை மறம்’ என ஒன்றுண்டு. அத்துறையில் எருமை வெளியனார் பாடிய புறப்பாட்டில், ஊரார் குதிரைகளெல்லாம் திரும்பிய பின்னும் தன் வீட்டுக் குதிரை திரும்பாத ஏக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குச் சிராங்கூன் வட்டாரத்து வேறொரு பெண் நினைவுக்கு வருவாள். பந்தய நாளின் மாலையில், சம்பளப் பணத்தோடு போன கணவனை எதிர்பார்த்து வாயிலில் நின்றவள் அவள். முன்னவள் காத்தது குதிரையை. பின்னவள் காத்தது குதிரை கொண்டுபோன அரிசிப் பணத்தை. திருவிளையாடல் கதையில் பகலில் வந்த பரிகள் இரவில் நரிகளாயின. பல குடும்பங்களில் அக்கதை மாதந்தோறும் நடந்தது. பந்தயத்தின் அழகை மட்டும் பாடி, இந்த வாயிற்படியை மறைத்தால் நம் ஏக்கம் பொய்யாகிவிடும். இந்த வாயிற்படியை மட்டும் காட்டி, கொட்டிலில் உழைத்தவனை மறந்தாலும் அது பொய்யே.

1999-இல் பந்தயம் புக்கிட் தீமாவை விட்டுக் கிராஞ்சிக்குச் சென்றது. பழைய நிலத்தில் 15,000 முதல் 20,000 வீடுகள் எழுமென 2024-இல் அறிவிக்கப்பட்டது. கிராஞ்சிக்கும் முடிவு வந்தது. 120 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென 2023 ஜூன் 5-இல் அறிவிப்பு வெளியாயிற்று. 2024 அக்டோபர் 5-இல் இறுதிப் பந்தய நாள். நூறாவது சிங்கப்பூர் தங்கக் கோப்பையை ‘ஸ்மார்ட் ஸ்டார்’ வென்றது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஓட்டம் அன்றோடு நின்றது. இடநெருக்கடியுள்ள தீவில் வீடு எழுவதை நான் குறை சொல்லவில்லை. கூரை வேண்டுவோர் முன் குதிரைக்காக வாதாடுவது அறமன்று. ஆனால் வீடு எழுமுன் அந்நிலத்தின் கதை எழுத வேண்டாமா?

நண்பர்களே, நிலத்தை மீட்பது நம் கையில் இல்லை. நினைவை மீட்பது நம் கையில் உண்டு. வென்ற குதிரைகளின் பட்டியல் ஏடுகளில் இருக்கிறது; அதற்கு நம் உதவி தேவையில்லை. கொட்டிலில் உழைத்தவர்கள், பந்தய நாளில் சிற்றுண்டி விற்றவர்கள், வாயிலில் காத்து நின்ற பெண்கள் ஆகியோரின் நினைவுகள் முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவை ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரையேனும் தேடிச் சென்று, அவர் சொல்லும் மொழியிலேயே எழுதி வாருங்கள். கொட்டிலில் வழங்கிய சொற்களையும் கேட்டு எழுதுங்கள். எந்த அகராதியிலும் ஏறாத சொற்கள் அவை. இருபதாம் ஆண்டு மலரில் அவற்றுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குவோம்.

அடுத்த முறை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இலை போட்டு அமரும்போது, அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். உடன் வந்த குழந்தை ‘குதிரை எங்கே?’ என்று கேட்டால், சொல்வதற்கு நம்மிடம் ஒரு கதை இருக்க வேண்டும்.