கசிவு தொடங்கும் இடம்



நின்றுபோன கார் எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே நாம் சரிசெய்கிறோம். எஞ்சின் ஓடுகிறது, மகிழ்கிறோம். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முனகல் சத்தம், தரையில் எண்ணெய்த் துளிகள். குறைந்த எண்ணெயை நிரப்பிவிட்டுப் புறப்படலாமா?

பவர் ஸ்டீயரிங்கின் பம்பை பெல்ட் வழியாகச் சுழற்றுவது எஞ்சினே. எஞ்சின் நின்றாலும், எண்ணெய் வடிந்தாலும் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிள்ளைகளோடு வளைவில் திரும்பும்போது அது நேர்ந்தால்? கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டால் தீயும் பிடிக்கலாம்.

ஆகவே குழாய்களையும் இணைப்புகளையும் முதலில் துடைப்போம். அடியில் வெள்ளை அட்டை விரிப்போம். எஞ்சின் ஓடும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்பட்டும். மற்றவர் பெல்ட்டில் கைபடாமல், மேலிருந்தே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். எனவே துளி விழும் இடத்தை நம்பாமல், ஈரம் தொடங்கும் இடத்தைத் தேடுவோம். அது தளர்ந்த இணைப்பாகவோ தேய்ந்த சீலாகவோ இருக்கலாம்.

அடியில் படுத்து வேலை செய்வதென்றால் எஞ்சினை நிறுத்திவிடுவோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல், சமதரையில் உறுதியான ஸ்டாண்டுகள் வைப்போம். நம் கைக்கு மீறியதென்றால் மெக்கானிக்கை அழைப்போம். கூலியை மிச்சம் பிடிப்பது நல்லதுதான். வீட்டில் நமக்காகக் காத்திருப்பவர்களுக்கோ, நாம் முழுசாகத் திரும்பி வருவதுதான் வேண்டும்.