மேலிடம் என்பது எந்த இடம்?

(இரவுப் பாடசாலை மாணவர்களின் டெல்லிப் பயண வழியனுப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தப் பயணத்துக்காக வீடு வீடாகப் பணம் திரட்டியபோது ஓர் அம்மா கேட்டார்: "நூறு நாள் வேலைக்குப் போய் வாங்குன காசு தம்பி. டெல்லியில நமக்கு என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கே பதில் சொல்கிறேன்.

அம்மா, நம் சுடுகாட்டுப் பாதைக்காக எத்தனை மனு கொடுத்திருப்போம்? வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால், "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பார்கள். மாவட்டத்தில் கேட்டால், "மேலிடத்திலிருந்து வரணும்" என்பார்கள். இந்த மேலிடம் எனக்குக் கடவுள் மாதிரி இருந்தது. இருக்கிறது என்று சொல்வார்கள், பார்த்தவர் யாருமில்லை. 2019இல் முதன்முறையாக டெல்லி போனேன். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ரயிலில் இரண்டு இரவு. இறங்கிப் பார்த்தால் மேலிடம் என்பதும் கட்டடங்கள்தான். வாசல் இருக்கிறது, தபால் வாங்கும் ஜன்னல் இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் அதைச் சாத்தவும் செய்கிறார்கள். என் பயத்தில் பாதி அன்றைக்கே போனது.

சுடுகாட்டுப் பாதை டெல்லியில் கிடைக்காது. அதை இங்கேதான் போராடி வாங்க வேண்டும். ஆனால் இங்கே நாம் கையில் பிடித்துக்கொண்டு பேசும் சட்டம் எங்கே உருவானது? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் உயிரிழந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பழைய வலுவைத் திரும்பக் கொடுத்தது. நம் பல்லைப் பிடுங்குகிற இடமும் அதுதான், திரும்ப வாங்குகிற இடமும் அதுதான். அந்த இடத்தை நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டாமா?

பிள்ளைகளே, உங்களுக்கு நான்கு வேலைகள் தருகிறேன்.

முதலில், அலிப்பூர் சாலை 26ஆம் எண்ணுக்குப் போங்கள். 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் அம்பேத்கர் கண்மூடிய இடம். நாட்டின் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுத் தலைவர் மறைந்த இடத்தில், இப்போதுள்ள தேசிய நினைவிடம் திறக்கப்பட்டது 2018 ஏப்ரல் 13 அன்று. இடையில் 61 ஆண்டுகள். கட்டடம் அழகாக இருக்கிறது, விரித்து வைத்த புத்தகம் போல. படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 61 ஆண்டுகளையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாடாளுமன்றம். 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியது பழைய கட்டடத்தில். அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள்? அண்ணல் மட்டுமல்ல. சென்னை மாகாணத்திலிருந்து போன வி.ஐ. முனுசாமி பிள்ளை இருந்தார். அந்தச் சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதன் இருந்தார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவை 1948 நவம்பர் 29 அன்று அந்தச் சபை ஏற்றது. பிறகு 1952 தேர்தலில் வென்று, காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சேரியில் பிறந்த எல். இளையபெருமாள் அந்தக் கட்டடத்துக்குள் போனார். நாடெங்கும் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அறிக்கை கொடுத்தார். ஆகவே நீங்கள் அந்நியர் வீட்டை வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அங்கே நம்மவர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

அவையின் பார்வையாளர் மாடத்துக்கு எம்.பி.யின் பரிந்துரை வேண்டும். தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 7 தனித்தொகுதிகள். அவர் பேசுகிறாரா, உட்கார்ந்துவிட்டு வருகிறாரா என்று பார்க்க நமக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, சிலை. நாடாளுமன்ற வளாகத்தில் 1967இல் வைத்த அண்ணலின் சிலையை 2024இல் இடம் மாற்றினார்கள். முன்பு நின்ற இடத்தைப் பார்த்தவனுக்குத்தான் மாற்றிய இடத்தின் பொருள் விளங்கும். பார்க்காதவனுக்கு அது ஒருநாள் செய்தி.

நான்காவது வேலை கஷ்டமானது. ஜங்புரா பக்கம் போங்கள். பாராபுல்லா வடிகால் ஓரத்தில் 'மதராசி கேம்ப்' என்றொரு குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன ஏழைகள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இருந்தார்கள், துப்புரவு வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று முதல் கணக்கில் வந்தவை 189 குடும்பங்கள். அதுவும் ஊரின் மறுகோடியில், நரேலாவில். மிச்சப் பேர்? தலைநகரைத் துடைத்து வைத்தவர்களுக்குத் தலைநகரில் இடமில்லை. இதைப் பார்க்காமல் செங்கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் நீங்கள் டெல்லியைப் பார்க்கவில்லை.

அங்கே சாதி இருக்காது என்று நினைத்துப் போகாதீர்கள். நான் தங்க அறை கேட்ட இடத்தில் என் பெயரைச் சொன்னேன். "முழுப் பெயர்?" என்றார். அப்பாவின் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். "அது சரி, அதற்குப் பின்னால்?" என்றார். அந்தப் பின்னால் என்ன என்று நமக்குத் தெரியும். "பின்னால் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்" என்றேன். அறை கிடைக்கவில்லை. இரவு ரயில் நிலையத்தில் படுத்தேன். திரும்பவும் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

என் தாத்தா ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். இந்திய நாடெங்கும் தடையின்றிச் சென்றுவர 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. மற்றவர்களுக்கு அது சுற்றுலா. ஒரு தெருவே மறுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளுக்கு அது வேறு. செருப்புப் போட்டுக்கொண்டு அந்த அகலமான சாலையில் நடந்து பாருங்கள், புரியும்.

எல்லோரும் போக முடியாது. கூலி போய்விடும், முதியவர்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தை இருக்கிறது. அதனால்தான் ஊரே பணம் போட்டு 20 பேரை அனுப்புகிறது. போகிறவர்கள் ஊருக்காகப் போகிறீர்கள். திரும்பி வந்த மறு ஞாயிறு, இதே இடத்தில், பார்த்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அந்த அம்மா அன்றைக்கும் முன்வரிசையில் இருப்பார். கேள்வி கேட்பார். பதிலோடு வாருங்கள்.