‘நண்பர்’ என்ற பட்டம்

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நாம் சென்னை செல்லும் சாலையில் வேலூரைக் கடந்து போகிறோம். அங்கே பாலாற்றங்கரையில் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் நினைவிடம் உள்ளது. அவரை வீழ்த்தத் துணைநின்ற எஹலப்பொலவின் வரலாற்றை இன்று நினைவுகூர்வோம்.

எஹலப்பொல, ‘அதிகார்’ எனப்பட்ட முதலமைச்சர். 1814-இல் மன்னரை எதிர்த்துத் தோற்று, கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். சினங்கொண்ட மன்னர் அவருடைய மனைவி மக்களைக் கொல்வித்தார். அஞ்சாது வாளின்முன் நின்ற இளைய மகன் மத்தும பண்டாரனை இலங்கை மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

அத்துயரோடு எஹலப்பொல அந்நியருக்குத் துணைபோனார். 1815 பிப்ரவரியில் மன்னர் சிறைப்பட்டார்; மார்ச் 2-ஆம் நாள் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அரியணையை எதிர்பார்த்தவருக்கோ, ‘ஆங்கில அரசின் நண்பர்’ என்ற பெயரே கிடைத்தது. முதலமைச்சர் பதவி மொல்லிகொடவுக்குச் சென்றது.

சொற்களைப் பெயர்த்தெழுதுவது நமது தொழில். ‘நண்பர்’ என்ற அச்சொல்லுக்கு ஆட்சியாளர் கொண்ட பொருளை 1818 விளக்கிற்று. கண்டியில் கலகம் மூண்டதும், ஐயத்தின்பேரில் அந்த நண்பரையே சிறைப்பிடித்தனர். 1825-இல் மொரீஷியஸ் தீவுக்கு அனுப்பினர். 1829-இல் அங்கேயே இறந்தார். மன்னர் 1832-இல் வேலூரில் மறைந்தார். பகைவர் இருவருக்கும் சிறைக்காவலர் ஒருவரே.

பிள்ளைகளை இழந்த தந்தைக்காக நம் நெஞ்சம் இரங்குகிறது. ஆயினும், தன் பகை தீர்க்க நாட்டையே பிறர் கையில் ஒப்படைத்த செயலை அவ்விரக்கம் நியாயமாக்கிவிடாது. அடுத்தமுறை வேலூரைக் கடக்கும்போது இருவரையும் எண்ணிப் பார்ப்போமாக.